அரை பீட் தாமதம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. புதுச்சத்திரத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, பக்கத்து லாரி உதிரிபாகக் கடையில் ஒட்டுக்கேட்டது. முதலில், ‘சேலத்தின் மௌனம் அவருடைய கிட்டாரில் அழுதபோது…’ என்று தொடங்கினேன். (எதுவும் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

கடைக்காரர் பிரபாகருக்கு ஐம்பத்தேழு வயது. 1989இல் கல்லூரி நண்பன் மாதேஸ்வரனோடு ஒரே ஒரு கேசட் போட்டார். போஸ்ட்-பங்க் இசை, அதாவது, சோகத்தைக்கூட முறைத்துக்கொண்டே வாசிப்பது. இவர் கிட்டார், அவர் அடிநாதத்துக்கு பேஸ் கிட்டார். (டிரம்ஸுக்கு ஆள் கிடைக்கவில்லை. பின்னாளில் ஒரு விமர்சகர் அதைத் ‘துணிச்சலான வெறுமை’ என்றார்.)

மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் கிட்டார் தாளத்தில் அரை பீட் பிந்திவிட்டது. “கெடுத்துட்டியேடா” என்றார் மாதேஸ்வரன். குழு அத்தோடு கலைந்தது. அந்த ஓரிடத்தை மட்டும் பிரபாகர் முப்பத்தைந்து வருடம் வீட்டில் தனியாக வாசித்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

3

கேசட் இணையத்துக்குப் போனது. [எப்படிப் போனது என்று இங்கே ஒரு பத்தி வரவேண்டும். எனக்குத் தெரியாது.] ஏழெட்டு இளம் குழுக்கள் அந்தத் தாமதத்தைக் கற்றுக்கொண்டு பெயர் வாங்கின. அவற்றில் ஒன்றில் வாசிக்கும் குமாரபாளையத்து பிரீத்தி, சேலம் அஸ்தம்பட்டிக் கச்சேரிக்கு அவரை அழைக்க அன்று வந்திருந்தாள். கிட்டாரை நீட்டினாள். அவர் வாசிக்க, அவள் முகம் சுருங்கியது.

“ஏனுங்க சார், அந்த எடத்துல லேட்டா வரோணுமில்லீங்க?”

“அது தப்பு, சாமி.”

“தெரியுமுங்க. அதப் பழக எனக்கு ஆறு மாசம் ஆச்சுங்க.”

அவருக்குத் தப்பாக வரவே இல்லை. அவள்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நாலாவது தடவையில் பிடிபட்டது. பிரபாகர் வாய்விட்டுச் சிரித்தார்.

4

சிரித்த சூட்டோடு, நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மாதேஸ்வரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“மாதேசு, நான் பண்ணுன தப்பப் புள்ளைங்கெல்லாம் படிக்குதுங்கடா. மேடைக்குக் கூப்புடுதுங்க.”

மறுமுனையிலிருந்து குரல் மெல்ல வந்தது.

“அது உன் தப்பில்லைடா. நீ சரியாத்தான் வாசிச்ச. பேஸ்ல நாந்தான் முந்திட்டேன்.”

5

மாதேஸ்வரன் முப்பத்தைந்து வருடக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, புகழில் பங்கு கேட்கிறாரா? பிரபாகர் மன்னித்ததாக எழுதிப் பார்த்தேன்; அவருடைய தாடை இடம் கொடுக்கவில்லை. ‘நீயும் மேடைக்கு வாடா’ என்று தழுதழுக்க… (வேண்டாம்.)

நடந்தது இவ்வளவுதான். போனை அணைத்தார். பிரீத்தியைப் பார்க்காமல் கிட்டாரை எடுத்து அந்த இடத்தை ஒருமுறை வாசித்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

பிந்தி விழுந்ததா, சரியாக விழுந்ததா? எனக்குத் தாள ஞானம் கிடையாது. உங்களுக்கு இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.