கோழிக்கு எடுத்த அளவு

கோழிக்கு டேப் வைத்து அளவெடுத்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அக்கா மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே கோழி வளர்க்க விடமாட்டார்கள். அவளுடைய ஐந்து பெட்டைகளையும் கறிக்கடைக்காரர் கேட்டிருந்தார். நான்தான் குறுக்கே விழுந்து, ஓர் இறகுகூட உதிராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் விட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருவேன், கோழிகள் சரியாக இல்லையென்றால் கறிக்கடைதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கூடு அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் டேப்பைச் சுற்றினேன். ஐந்தில் பெரியது கறுப்பு. நடக்கிற தோரணைக்காக அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தோம். நீளம் பதினைந்து அங்குலம், அகலம் எட்டு. இருபத்தைந்து வருடமாகத் துணி தைக்கிறேன், ஓர் உடம்பைப் பார்த்தால் அளவு தெரியாதா? ஐந்து கோழிகளையும் வரிசையாக உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்றரை அடிக்கு இரண்டடி.

இவர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தையே ஒரு பஸ்ஸாகத்தான் பார்ப்பார். "சீட்டை மட்டும் எண்ணினா போதாது. ஒருத்தன் எழுந்து இறங்கணும்னா வழி வேணும்ல?" என்றார். கோழி எங்கே இறங்கப் போகிறது என்று வாயை அடைத்தேன். தச்சரும் நான் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்துவிட்டு, "அக்கா, கோழி நடக்கும்ல?" என்று இழுத்தார். சொன்னதைச் செய் தம்பி என்று அனுப்பிவிட்டேன்.

கூடு வந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக இருந்தது. கொல்லைச் சுவர் குட்டையானது, தெருநாய்கள் எகிறி வரும் என்பதால் பகலிலும் கோழிகளை உள்ளேயே அடைத்து வைத்தேன். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துப் பாராட்டினார். நான்கு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் கூட்டுக்குள் இறகு கிடந்தது. அடுத்த நாள் இன்னும் நிறைய. ஐந்தில் மிகச் சின்னது ஒரு பழுப்புப் பெட்டை, பொடிசு. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல் தெரிந்தது. நடுவில் ரத்தம். மேனேஜர் கொத்துகிறது, மற்ற மூன்றும் கூடச் சேர்ந்துகொள்கின்றன, ஓடுவதற்கு இதற்கு இடமில்லை. தலையை மூலையில் சொருகிக்கொண்டு முதுகைக் கொடுத்துவிட்டு நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேனேஜரைத் திட்டினேன், தச்சரைத் திட்டினேன், பலகையைக்கூடத் திட்டினேன். என்னை மட்டும் திட்டிக்கொள்ளவில்லை.

கால்நடை மருந்துக்கடைக்காரர் களிம்பைக் கொடுத்துவிட்டு, கூடு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார். உள்ளே ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி, வெளியே வலைக்குள் உலாவ ஆளுக்குப் பத்து என்றார். ஐந்துக்கும் உள்ளே இருபது. நான் கொடுத்தது ஏழு. அடைசலாக இருந்தால் கொத்தத்தான் செய்யும், இப்படியே விட்டால் சின்னது பிழைக்காது என்றார்.

பொடிசைக் கொண்டுவந்து தையல் மெஷினுக்கு அடியில் ஒரு கூடையில் வைத்தேன். பெடலை மிதிக்கும்போதெல்லாம் நடுங்கியது. அன்று தைக்க வேண்டியவை பள்ளிச் சீருடைகள். பிள்ளைகள் வளருவார்கள் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிட்டுத்தான் தைப்பேன். ஊரார் பிள்ளைக்கெல்லாம் துணி விடத் தெரிகிறது, இந்த ஐந்து ஜீவன்களுக்கு விடத் தோன்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன்.

அக்கா வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கொல்லையில் இடம் தேடினால், ஒரு பக்கம் துவைக்கிற கல், ஒரு பக்கம் தகரக் கொட்டகை, நடுவில் தார்ப்பாய் போர்த்திய இவருடைய ஸ்கூட்டர். கல்யாணமான புதிதில் வாங்கியது. ஆறு வருடமாக ஓடவில்லை. "நாளைக்கு சரி பண்றேன்" என்று இவர் சொல்லாத மாதம் இல்லை. அன்று கோபத்தையெல்லாம் அதன்மேல் கொட்டினேன். ஓடாத வண்டிக்கு இருக்கிற இடம் உயிரோடு இருக்கிற கோழிக்கு இல்லையா என்று கத்தினேன். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஸ்கூட்டர் இல்லை. எண்ணெய்க் கறை மட்டும் மண்ணில் வட்டமாகக் கிடந்தது. மெக்கானிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குமேல் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை தச்சர் வந்து அளந்தார். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் கூடு வைத்தால், வெளியே உலாவ இடம் குறைகிறது என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "இதுல என்னக்கா இருக்கு?" என்று கேட்டார்.

அதில் இருப்பது என் வெட்டுத்துணி மூட்டைகள். பதினொன்று. என்றாவது ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கலாம் என்று எட்டு வருடமாகச் சேர்த்தது. இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"அது அவ வேலைச் சாமான்பா. அத விடு. கூட்டக் கொஞ்சம் சின்னதா பண்ணிக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. கொட்டகைக் கதவைத் திறந்து முதல் மூட்டையை இழுத்தேன். அடிப்பக்கம் கிழிந்து, எலி கடித்த துணிகள் காலடியில் கொட்டின. பதினொன்றையும் தெருவோரம் கொண்டுபோய்ப் போட்டேன். தச்சர் கொட்டகைக்குள் டேப்பை நீட்டினார். ஆறடிக்கு நாலடி.

"இருபத்தி நாலு. உள்ளே இருக்க இதுவே தாராளம். வெளியே வலை அடிச்சா உலாவ இடம் எக்கச்சக்கம்," என்றவர், எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி அங்கேயே நின்னிருக்கலாம்க்கா."

செருப்பைக்கூட மாட்டாமல் மெக்கானிக் கடைக்கு ஓடினேன். ஸ்கூட்டர் அங்கே இருந்தது. இன்ஜின் ஒரு தட்டில், சக்கரம் ஒரு மூலையில், சீட்டு வேறொரு வண்டியின்மேல். நேற்றே பிரித்தாகிவிட்டது என்றான் மெக்கானிக்.

திரும்பி வந்தபோது இவர் வலைக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொட்டகை போதும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். பிறகு ஏன் வண்டியைக் கொடுத்தீர்கள் என்றேன். குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகத்தான் கேட்டது.

"மூட்டையப் பத்திப் பேசினா நீ ஒரு வாரம் பேச மாட்ட," என்றார் ஆணிகளைப் பார்த்தபடி. "வண்டி போனா நான் ஒரு நாள்தான் பேசாம இருப்பேன். அதான்."

வலை அடித்து முடிந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டோம். மேனேஜர் துவைக்கிற கல்மேல் ஏறி நின்றுகொண்டது. பொடிசைக் கடைசியாக விட்டேன். அது யாரிடமும் போகாமல் நேரே எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் போய், மண்ணைக் கிளறி, இரண்டு இறக்கைகளையும் விரித்துப் புரண்டது. நான் அளவெடுத்த நாளில் இவர் இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான்தான் அப்படிப் பிடிக்கச் சொல்லியிருந்தேன்.