கைமடிப்பில் ஒரு சீட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பிடிபட்டு அசடு வழிவதைவிட அது மேல். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் எனக்குச் சொன்ன சம்பவம் இது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் ஒன்றுக்காக வக்கீல் அலுவலகத்துக்குப் போனவர், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, யாருக்கோ சாட்சிக் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். போட்டாரா இல்லையா என்பதுதான் கதை.

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

அன்று காலை இரண்டு சகோதரிகள் மாடிப்படி ஏறி வந்தார்கள். மூத்தவரின் கண்களில் ஏதோ ஒரு

(ஏதோ ஒரு என்ன? எனக்கே தெரியாது. நிறுத்திவிட்டேன்.)

நம்பிக்கை என்பது சட்டத்தின் பார்வையில்

(கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?)

மூன்றாவது தொடக்கம் ஒரு சலவைக் கடையிலிருந்து. அதுதான் ஓடியது.

2

அக்காவும் தங்கையும் இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையை நடத்துகிறார்கள். அக்கா உள்ளே, கறை எடுக்கும் மேசையில். தங்கை முன்னால், வாடிக்கையாளர்களோடு. வருகிற ஒவ்வொரு சட்டையின் கைமடிப்பிலும் ஊக்கு குத்தி ஒரு சின்னச் சீட்டு தொங்கும்: யாருடையது, என்ன கறை, எப்போது தரவேண்டும். "ஞாபகத்த நம்பாத, சீட்ட நம்பு" என்பதுதான் அங்கே வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.*

[* மாஸ்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும்.]

இப்போது அக்காவுக்கு ஞாபகம் நழுவுகிறது. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. போகப்போகக் கெட்ட நாள்தான் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு அதிகாரப் பத்திரம் எழுதியாகவேண்டும். அக்காவால் முடிவெடுக்க முடியாத நாள் வந்தால் வீடு, கடை, வைத்தியம் எல்லாவற்றிலும் அவருக்குப் பதிலாகத் தங்கை முடிவெடுக்கலாம் என்று. பத்திரம் இல்லாவிட்டால் கோர்ட்தான் ஒருவரை நியமிக்கும். அங்கே இவர்களுடைய அண்ணன் முந்திக்கொண்டு மனுப் போட்டுவிட்டார். முதியோர் இல்லத்தில் கட்டிலும் சொல்லிவைத்தாயிற்று. விசாரணை வருகிற திங்கட்கிழமை.

அண்ணன் கெட்டவர் இல்லை. (கெட்டவராகவும் எழுதிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்தேன். கதை உடனே சுலபமாகிவிட்டது, எடுத்துவிட்டேன்.) தங்கைக்கும் ஐம்பத்தாறு வயது, முதுகுவலி, தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்பது அவர் கவலை. அந்த மேசையைவிட்டு எடுத்தால் அக்கா ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்பது தங்கையின் பயம். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருப்பதுதான் எனக்குத் தலைவலி.

3

வக்கீல் அலுவலக வரவேற்பறையில் மூன்று நாற்காலிகள். அக்கா, தங்கை, கொஞ்சம் தள்ளி மாஸ்டர். காகிதக் கோப்பையிலிருந்த தண்ணீர் அக்காவின் கையில் கொட்டிவிட்டது. தங்கை கைக்குட்டையை எடுத்து உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். பிறகு அடையாள அட்டையை நகலெடுக்கக் கீழே இறங்கிப் போனாள்.

அக்கா மாஸ்டரின் சட்டைப் பையை உற்றுப் பார்த்தார்.

"மைக்கறையா தம்பி? வெந்நீர்ல மட்டும் போட்டுடாதீங்க. சூடு பட்டா அது அங்கயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும்."

மாஸ்டர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். பிறகு கொஞ்சம் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"இப்ப இறங்கிப் போனாளே, அது யாரு?"

"உங்ககூட வந்தவங்கதானேம்மா?"

"வந்தா. யாருன்னுதான் தெரியல." அக்கா தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "ஆனா நல்லவ. விரலிடுக்கு வரைக்கும் துடைச்சு விட்டா, பாருங்க."

என்ன சொல்வதென்று மாஸ்டர் யோசிப்பதற்குள் தங்கை மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க இருக்கற கிளார்க் ஒரு சாட்சி. இன்னொருத்தர் வர்றேன்னு சொல்லிட்டு வரல. சொந்தக்காரங்க போடக்கூடாதாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட முடியுமா?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'முடியாது' என்று யாராலும் சொல்ல முடியாது. மாஸ்டர் தலையாட்டிவிட்டார்.

4

வக்கீல் அம்மா எதையும் விட்டுவைக்காதவர். "சார், நீங்க சாட்சி சொல்றது என்னன்னு தெரிஞ்சுக்கங்க. இவங்க சுயநினைவோட, யாருக்கு அதிகாரம் குடுக்கறோம்னு புரிஞ்சு, யார் வற்புறுத்தலும் இல்லாம கையெழுத்துப் போட்டாங்கன்னு சொல்றீங்க. பொய்னு ஆச்சுன்னா கேஸ் உங்கமேலதான் வரும்."

அக்கா வெளியே கேட்டதை மாஸ்டர் இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் திங்கட்கிழமை அக்காவுக்கு அந்தக் கட்டில். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அக்கா கையெழுத்துப் போட்டார். வக்கீல் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா இல்லையே?"

தங்கையின் முகம் வெளுத்தது. தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அக்காவின் கை எப்போதும் ஈரம், இல்லாவிட்டால் ரப்பர் கையுறைக்குள். அதனால் கடைக்கு வருகிற எந்தக் காகிதமானாலும் அக்காவின் பெயரைத் தங்கையே போட்டுப் பழகிவிட்டாள். அடையாள அட்டை விண்ணப்பத்திலும் அவள்தான் போட்டாள். அது தப்பு என்று இந்த நிமிடம் வரைக்கும் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"ஆமா, அது இவ போட்டது," என்றார் அக்கா. "இருபத்திரண்டு வருஷமா என் கையெழுத்த இவதான் போடறா. ஒரு தடவகூட எனக்கு ஆகாததுல போட்டதில்ல. அப்புறம் எதுக்கு இந்தக் காகிதம்?"

வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அதையும் தனியா எழுதி வாங்கிக்கறேன். இப்ப சொல்லுங்கம்மா, இவங்க உங்களுக்கு யாரு?"

அக்கா மேல்சட்டையின் இடது கைமடிப்பை வலது கட்டைவிரலால் லேசாகப் புரட்டினார்.

"என் தங்கச்சி."

வக்கீல் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாஸ்டருக்கு மட்டும் தெரிந்தது. மடிப்புக்குள் ஊக்கு குத்திய சலவைச் சீட்டு: 'தங்கச்சி. கூட வருவா. இவளுக்குத்தான் எழுதணும்.'

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சீட்டை எழுதியது யார்?

அக்காவே ஒரு நல்ல நாளில் எழுதிக் குத்திக்கொண்டார் என்றால், அது தெளிவாக இருந்த அக்கா தெளிவில்லாத அக்காவுக்கு இட்ட கட்டளை. அதைவிடப் பெரிய சம்மதம் எந்தப் பத்திரத்திலும் இல்லை. தங்கை எழுதினாள் என்றால், பாடம் ஒப்பிக்க வைத்திருக்கிறாள். சலவைச் சீட்டுகளைத் தடிப் பேனாவில் கட்டை கட்டையாக எழுதுவார்கள். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

எழுதுகிறவன் நான்தானே, ஒரு வரி போட்டால் விஷயம் முடிந்தது. போட்டும் பார்த்தேன்.

அந்தச் சீட்டைப் போன வாரம் ஒரு மாலையில் அக்காவே, மனம் தெளிவாக

(பொய். நான் பார்க்கவில்லை. அதாவது, மாஸ்டர் பார்க்கவில்லை.)

6

முடிவு, ஒன்று. மாஸ்டர் கையெழுத்துப் போடுகிறார். அண்ணனின் மனு தள்ளுபடியாகிறது. அக்கா தன் மேசைக்குத் திரும்புகிறார். ஆறு மாதம் கழித்து முதுகு முடியாமல் தங்கை கடையை மூடிவிட்டு, அண்ணன் சொல்லிவைத்திருந்த அதே கட்டிலில் அக்காவை

(ஏன்? தங்கைமேல் எனக்கு என்ன வன்மம்? கதைக்குத் திருப்பம் வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியைத் துரோகி ஆக்கலாமா?)

முடிவு, இன்னொன்று. கற்றுக்கொள்பவர் ஓட்டும்போது மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் அழுத்திவிடுவார். அதே பழக்கத்தில் அக்காவின் கைமடிப்பைப் பிடித்துத் திருப்பி வக்கீலிடம் காட்டுகிறார். அக்கா எல்லோருக்கும் முன்னால் தன் சட்டையின் உள்பக்கத்தைக் குனிந்து

(இதற்குமேல் கை ஓடவில்லை. ஒருவர் மறைத்து வைத்த மறதியைப் புரட்டிக் காட்ட நான் யார்?)

7

சரி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரின் சட்டையில் மைக்கறை எப்படி வந்தது என்று நீங்கள் அப்போதே யோசித்திருப்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. மாஸ்டர் என்று யாரும் கிடையாது. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. நாற்காலியில் இருந்தது நான், பேனா என்னுடையது, கடை விவரமெல்லாம் தங்கை வக்கீலிடம் சொன்னபோது காதில் விழுந்தது. பயந்துபோய் என் இடத்தில் இன்னொருவரை உட்காரவைத்தேன்.

நடந்தது இதுதான். கிளார்க் போட்டுவிட்டார். காகிதம் என் பக்கம் வந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டார்.

"இவர் சாட்சி போடறதுல உங்களுக்குச் சம்மதம்தானேம்மா? இவர முன்னாடி தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். இந்த முறை கைமடிப்பைத் தொடவில்லை.

"யாருன்னு தெரியல. ஆனா நல்லவரு." வக்கீல் பக்கம் திரும்பினார். "வெளிய இவர்கிட்ட நான் ஒண்ணு கேட்டேன். அத இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தங்கை அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே அவள் கை அக்காவின் கையைத் தேடிப் பிடித்தது. அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"என்ன கேட்டாங்க, சார்?" என்றார் வக்கீல்.

நான் வாயைத் திறந்தேன்.

இதோடு பதினொரு தடவை எழுதியாயிற்று, ஒவ்வொரு தடவையும் இங்கேயே வந்து நிற்கிறேன். அதனால் இந்த ஒரு முடிவை மட்டும் எனக்குப் பதிலாக எடுக்கும் அதிகாரத்தை, சுயநினைவோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல், உங்களுக்குத் தருகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள். வக்கீல் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், மூன்று பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

சொல்லுங்கள்.