ஆறப்போட்ட தண்ணீர்

"அது வேண்டாம்க்கா, கனம். பச்சை உறையில மெலிசா ஒண்ணு இருக்கும் பாரு."

அக்கா கையிலிருந்த தூண்டில் கோலை வேனுக்குள் வைத்துவிட்டுப் பச்சை உறையை உருவினாள். தம்பி பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முன்சீட்டிலிருந்து இறங்கி வண்டியைச் சுற்றி வந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் அதைக் கேட்காதவள்போல் உறையின் முடிச்சை அவிழ்த்தாள்.

"இதுவா?"

"அதேதான். குருவி கனம் கூட இருக்காது. இப்ப என் கைக்கு இதுதான் கட்டுப்படியாகும்."

லிப்ட் மெக்கானிக்கின் கை. இரும்புக் கயிறுகளை இழுத்து இறுக்கிய கை. இப்போது தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் நடுங்கியது. இருதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மிச்சம் முக்கால்வாசி லீவு போட்டிருக்கு" என்று தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். மாடிப்படி ஏறக்கூடாது, குளிர்ந்த நீரில் நிற்கக்கூடாது, தனியாக எங்கும் போகக்கூடாது. மூன்றில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்றுதான் அக்கா கூட வந்தாள்.

அவன் மனைவி காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டியபடியே சொன்னாள். "போகச் சொல்லவும் எனக்கு மனசில்ல, வேண்டாம்னு சொல்லவும் மனசில்ல, அண்ணி. உங்கள நம்பி அனுப்பறேன். நான் வேலை முடிஞ்சு வரும்போது அவர் வீட்டுல இருக்கணும்."

"இருப்பான்" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

வேனின் மூலையில் நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டை தொங்கியது. தம்பி அதை நோக்கிக் கையை நீட்டினான்.

"அது கிடையாது."

"ஏன்?"

"உள்ள தண்ணி பூந்தா ஆளையே இழுத்துட்டுப் போயிடும்னு நீதானே சொன்னே."

"இடுப்புல பெல்ட்ட இறுக்கிக் கட்டினா உள்ள வராதுக்கா."

"இறுக்கறதுக்கு உனக்கு இடுப்பு எங்கடா இருக்கு? கணுக்கால் தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை போகக்கூடாது. பேசித்தானே கூட்டிட்டு வந்தேன்."

"சரிங்க இன்ஸ்பெக்டரம்மா."

ஆக, பூட்ஸ் மட்டும். ரப்பர் அடி போட்டது ஒரு ஜோடி, கம்பளி அடி போட்டது ஒரு ஜோடி. பாசிக் கல்லில் ரப்பர் வழுக்கும், கம்பளி கவ்வும் என்றான். அவள் கம்பளியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தையற்காரி. தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

ஆற்றங்கரைக் காவல்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"யாரு, லிப்ட்டா? ஆளையே காணோம். மேல போயிட்டியோன்னு நினைச்சேன்."

"பட்டன அழுத்தியாச்சு அண்ணே. பெட்டி இன்னும் கீழ வரல."

இருவரும் சிரித்தார்கள். தம்பியின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காவல்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"மேல அணையில சங்கு ஊதினா உடனே கரையேறிடணும்மா. கதவு தொறக்கறாங்கன்னு அர்த்தம்."

"ஊதினா உடனே தண்ணி வந்துடுமா?"

"நடந்து ஏற நேரம் இருக்கும்." அவர் தம்பியின் கால்களைப் பார்த்தார். "நடக்கணும், அவ்வளவுதான்."

அவர் போன பிறகு தம்பி ஒரு டப்பாவைத் திறந்தான். கொக்கிமேல் கோழி இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவன் கைவேலை. நூல் அவள் கடையில் மிஞ்சியது.

"நீ எடு. தண்ணி மேல என்ன பறக்குதுன்னு பாத்து எடு. இந்த ட்ரவுட்டு மீனு இருக்கே, நிறம் பாக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி. கொஞ்சம் மாறினாலும் திரும்பிப் போயிடும்."

நீரின் மேல் சின்னப் பூச்சிகள் எழும்பி எழும்பி இறங்கின. அவள் கண்ணைச் சுருக்கினாள். சாம்பல். அடியில் லேசாகப் பச்சை. டப்பாவில் ஒன்றைத் தொட்டாள்.

"அடிப்பாவி" என்றான் தம்பி. அதைக் கண்ணுக்குத் தெரியாத தூண்டில் நரம்பின் நுனியில் கட்டினான். முடிச்சு விழ நேரமாயிற்று. அவள் உதவட்டுமா என்று கேட்கவில்லை.

கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தட்டைக் கல். அதுவரை கணுக்கால் ஆழம்தான். அவன் போய் அதன்மேல் உட்கார்ந்தான். அவள் நீரோரத்தோடு நின்றுவிட்டாள். குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. சிறு வயதில் அவனைக் குளத்தில் குதிக்கவிட்டுத் துணிகளைக் காவல் காத்தவள்.

"அக்கா, இனிமே பேச்சு கிடையாது. உன் நிழலும் தண்ணில விழக்கூடாது. அந்தப் புதருக்குப் பின்னாடி போய் உக்காரு. நானா கூப்பிடற வரைக்கும் வாயத் தொறக்காதே."

"உனக்கு ஏதாவதுன்னா?"

"ஏதாவதுன்னா கையத் தூக்கறேன்."

அவள் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவன் முதுகும் தொப்பியும் கோலும் தெரிந்தன.

எதிர்க்கரை நிழலில் நீர்மேல் ஒரு வட்டம் விழுந்து கலைந்தது. மீன் பூச்சியை எடுத்த இடம். தம்பியின் கோல் பின்னால் போய் முன்னால் வந்தது. தூண்டிலின் மஞ்சள் கயிறு காற்றில் விரிந்து, வட்டம் விழுந்த இடத்துக்கு மேலே சத்தமில்லாமல் படிந்தது. கை நடுங்கவில்லை. அவள் மூச்சை விட்டாள்.

நாலைந்து முறை வீசினான். ஒருமுறை நீர் பிளந்தது. அவன் கோலை உயர்த்தினான். கயிறு வெறுமனே எழுந்து வந்தது. திரும்பி அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கோலை மடியில் வைத்துக்கொண்டான்.

இதை அவள் அறிவாள். வரும் வழியெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு வந்ததுதான். மீன் மிரண்டுவிட்டால் தண்ணீரை ஆறப்போட வேண்டும். வீசக்கூடாது, அசையக்கூடாது. உட்கார்ந்தே இருந்தால் மீன் பயத்தை மறந்துவிடும். சில சமயம் அரை மணி. சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அவசரக்காரனுக்கு இது ஆகாது என்றான்.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறி உச்சியைத் தாண்டியது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் முதுகைப் பார்த்தாள். சட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். காற்று அடித்தது, சட்டை அசைந்தது. காற்று நின்றபோது அவளுக்குக் கண் கூசியது, பார்வையை மாற்றிக்கொண்டாள்.

ஒரு சின்னப் பறவை வாலை ஆட்டியபடி தட்டைக் கல்லுக்கு வந்தது. அவன் பூட்ஸின் மேல் ஏறியது. எதையோ கொத்தியது. நின்று யோசித்தது. பறந்து போயிற்று.

எவ்வளவு பொறுமை இவனுக்கு என்று அவள் நினைத்தாள். வீட்டில் காபி ஆற இரண்டு நிமிஷம் பொறுக்கமாட்டான்.

கூப்பிடலாம். மெதுவாக, ஒரே ஒரு தரம். திரும்புவான், முறைப்பான். முறைத்தால் போதும். வீட்டுக்குப் போகும் வரை திட்டிக்கொண்டே வரட்டும். ஆனால் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால்?

அவள் வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்குகிறேன் என்று சொன்னான். தூக்கவில்லையே. அப்படியென்றால் ஒன்றுமில்லை.

மீன் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். மீன் வராதவரை அவன் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருந்தது.

மீன் வந்தது. எதிர்க்கரையிலிருந்து விலகி, நடு ஆற்றில், அவனுக்கு நேர் முன்னால் வட்டம் விழுந்தது. அவளுக்கே தெரிந்தது. அவள் கோலைப் பார்த்தாள். கோல் மடியிலேயே இருந்தது.

பெரியதற்காகக் காத்திருக்கிறான். கண்ணில் வெயில் அடித்திருக்கும். மாத்திரை தூக்கம் கொடுக்கும், கொஞ்சம் அசந்திருப்பான். தூங்கட்டுமே.

மறுபடியும் வட்டம். இந்தத் தடவை இன்னும் அருகில். மீனின் முதுகு தெரிந்தது, புள்ளிகள்கூடத் தெரிந்தன. அது அவசரமில்லாமல் ஒரு பூச்சியை எடுத்துக்கொண்டு கீழே போயிற்று. அதற்கு எந்தப் பயமும் இல்லை.

தன் இரண்டு கைகளும் நரம்பு புடைக்கப் புல்லைப் பிடித்திருப்பதை அவள் பார்த்தாள்.

அப்போது சங்கு ஊதியது. நீளமாக, மலைச்சரிவு முழுக்கப் பரவி, ஓய்ந்து, மீண்டும் ஊதியது. மரங்களிலிருந்து பறவைகள் கிளம்பின. தொப்பி திரும்பவில்லை.

அவள் எழுந்தாள். "டேய்" என்றாள். அவள் காதுக்கே அது எட்டவில்லை. "டேய்!"

நீரில் கால் வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. அடியில் கல் உருண்டது. ஒரு செருப்பு கழன்று போயிற்று, மற்றதை அவளே உதறினாள். அவள் நிழல் நீரில் நீண்டு அவன் முதுகைத் தொட்டது.

"சங்கு ஊதியாச்சுடா. போதும், எந்திரி. மீனு வந்துச்சு, பாத்தியா? ரெண்டு தரம் வந்துச்சு."

சுற்றிப்போய் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. வாய், எதையோ சொல்லத் தொடங்கியதுபோல் லேசாகப் பிரிந்திருந்தது. வலது கை கோலின் பிடியில் இருந்தது. இடது கை தொடையிலிருந்து கொஞ்சம் எழும்பி, சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டிருந்தது.

அதை எப்போது எழுப்பினான்? அவள் இருந்த இடத்திலிருந்து முதுகுதான் தெரியும்.

நீரின் ஓசை மாறியது. கலங்கிய மண் நிறம் மேலிருந்து வந்துகொண்டிருந்தது. அவள் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். வற்றிப்போன உடம்பு, ஆனாலும் எழவில்லை. இழுத்தாள். கால் வழுக்கி அவனோடு சேர்ந்து கல்மேல் விழுந்தாள். தண்ணீர் கல்லின்மேல் ஏறி அவள் மடிக்கு வந்தது.

கரை பக்கத்தில்தான். அவள் மட்டும் என்றால் போய்விடலாம். கையை எடுத்தால் அவன் சாய்ந்து தண்ணீரோடு போய்விடுவான். வேலை முடிந்து வருகிறவளிடம் ஆற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அவள் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் இரண்டு கைகளையும் கோத்து, கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் அவளைத் தள்ளியது. பல் கிட்டிக்கொண்டது. கோல் மிதந்து போவது தொடையில் உரசித் தெரிந்தது.

"அம்மா! விட்டுட்டு ஏறுங்கம்மா!" காவல்காரரின் குரல்.

"விடமாட்டேன்."

"உங்களையும் சேத்து அடிச்சுட்டுப் போயிடும்மா!"

"நீங்க வாங்க!" என்று கத்தினாள். "வந்து பிடிங்க!"

அவர் வந்தார். இடுப்பளவு நீரில் தடுமாறி வந்து தோளைப் பிடித்தார். அவள் கோத்திருந்த விரல்களை அவர்தான் பிரித்தார். இருவருமாக இழுத்துப் புல்லில் கிடத்தினார்கள். அவர் காதை நெஞ்சில் வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, தம்பியின் தொப்பியைத் தேடுவதுபோல் அங்குமிங்கும் பார்த்தார். தொப்பி போய்விட்டிருந்தது.

"ரொம்ப நேரமாச்சு போலருக்கேம்மா" என்றார் மெல்ல.

அவள் தலையாட்டினாள்.

"நீங்க இங்கதானே இருந்தீங்க?"

அதற்கும் தலையாட்டினாள்.

அவர் ஆம்புலன்சுக்குச் சொல்ல மேடேறினார். புதருக்குப் பின்னால் அவள் பையில் போன் அடித்தது. அவரே திரும்பி வந்து எடுத்து நீட்டினார். அதில் தம்பியின் மனைவி பெயர் ஒளிர்ந்தது. வேலை முடிந்து வந்திருப்பாள்.

"எடுங்கம்மா."

"கை ஈரம்."

துடைக்க எதையாவது தேடினாள். அவள் துணி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் துணியும் அப்படித்தான். தம்பியின் சட்டை, நெஞ்சுப் பக்கம் மட்டும் நனையாமல் இருந்தது. அவள் அதில் உள்ளங்கையைத் துடைத்தாள். திருப்பிப் புறங்கையைத் துடைத்தாள். பிறகு மற்றக் கையை. துடைத்த கையை அங்கேயே வைத்திருந்தாள்.

மணி அடித்து ஓய்ந்தது. காவல்காரர் போனை நீட்டியபடியே நின்றார். அது மறுபடி அடிக்கத் தொடங்கியது.