ஃபேனுக்குக் கீழே ஓர் இடம்

புதிதாக வந்த சிலிண்டர்க்காரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலிண்டரை அடிவிளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். வாசலிலிருந்து அடுப்படிக்கு நேர்கோடுதான். நடுவில் ஒரு துரும்பு கிடையாது. ஆனால் ஆசாமி நேராகப் போகவில்லை. ஃபேனுக்குக் கீழே வந்ததும் எதையோ இடித்துவிடக் கூடாது என்பதுபோல் இடதுபக்கம் வளைந்து ஒதுங்கி, மறுபடி நேர்கோட்டுக்கு வந்து, அடுப்படியில் சிலிண்டரை நிறுத்தினான். ஜன்னலோரம் நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கலைமதியின் கையில் சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. அவள் கணவன் மாதவராஜ் இந்தக் கூடத்தில் அப்படித்தான் நடப்பான். மாமியார் பெரியம்மாளும் அப்படித்தான். அவர்களுக்காவது ஒரு காரணம் உண்டு. இன்றைக்குத்தான் இந்த வீட்டில் முதல்முறையாகக் கால் வைக்கிற இவனுக்கு என்ன வந்தது?

காரணம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தது இதுதான். மாதவராஜின் முதல் மனைவி சுகுணா அந்த இடத்தில்தான் தையல் மெஷின் போட்டிருந்தாளாம். நல்லம்பள்ளிப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில் பாதிப் பெண்களின் ரவிக்கை அவள் தைத்ததுதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மெஷினை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள். கலைமதி இரண்டாம் தாரமாக இந்த வீட்டுக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகு. மெஷின் போனாலும் கால்களுக்குப் பழக்கம் போகவில்லை, அவ்வளவுதான் சங்கதி என்று முடிவுகட்டியிருந்தாள். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது. ஆனால் அந்த மெஷினைக் கண்ணால்கூடப் பார்த்திராத அவளுடைய கால்களும் இப்போதெல்லாம் அங்கே வளைகின்றன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் போனால் அது இன்னும் மோசம்.

மாதவராஜைச் சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை. விடியுமுன் பைக்கை எடுத்தால், பொழுது சாய்கிற நேரத்துக்குச் சட்டையெல்லாம் தக்காளி வாசனையோடு வந்து சேருவான். குடி கிடையாது, அதட்டல் கிடையாது. இனி இவளுக்குக் கல்யாணமே இல்லை என்று பிறந்த வீட்டில் கைகழுவிவிட்ட பிறகு கிடைத்த மாப்பிள்ளை. வந்த புதிதில் அவன் வாங்க போங்க என்று பேசியதை டீச்சர் என்கிற மரியாதை என்று நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டாள். வருஷம் ஒன்று ஓடிவிட்டது, மரியாதை மட்டும் குறையவேயில்லை. தினமும் இருட்டுகிற நேரத்தில் சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, ஜன்னலோர நாற்காலியில் விடைத்தாளோடு இருக்கிறவளிடம், “லைட்டப் போடட்டுங்களா?” என்று கேட்பான். போடுங்க என்பாள். போட்டுவிட்டுப் போய்விடுவான். ஒரே கட்டிலில் படுத்தாலும் நடுவில் இன்னொருவர் தாராளமாகப் படுக்கலாம். அவள் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. அந்த மனுஷன் ஒரே ஒரு நாள், வாசலிலிருந்து வளையாமல் நேராக நடந்து அவளிடம் வரவேண்டும். அதற்குத்தான் அவள் அப்படி ஏங்கினாள்.

கல்யாணத்தன்று நடந்த ஒன்றும் அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. இரண்டாம் தாரமாக வருகிறவள், தாலி ஏறுமுன் மூத்தாளுக்கு ஒரு புதுச்சேலை வைத்துப் படைத்து, அந்தச் சேலையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது இவர்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மாள் இலைப்பச்சையில் சேலை எடுத்து வைத்திருந்தாள். படையல் போடுங்கள், நான் கும்பிடுகிறேன், ஆனால் கட்ட மாட்டேன் என்று கலைமதி கறாராகச் சொல்லிவிட்டாள். செத்துப்போனவளின் பங்கை நான் எதற்கு உடுத்த வேண்டும் என்ற வீம்பு. மாதவராஜ், கட்ட வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றான். ஓரத்தில் மஞ்சள் தடவிய அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது.

சிலிண்டர்க்காரன் வந்துபோன மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பேரண்டம் பாடம். துருவ நட்சத்திரம் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் மூன்று என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவில்லை. சரி வாருங்கள் என்று மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பெண்களைக் கைகோத்து நிற்கவைத்துத் தட்டாமாலை சுற்றச் சொன்னாள். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதாகத் தெரியும். உண்மையில் இரண்டும் தங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு வெற்றுப் புள்ளியைத்தான் சுற்றுகின்றன, அந்தப் புள்ளியில் ஒன்றுமே கிடையாது என்று விளக்கினாள். மூன்றாவதாக அம்பிகா என்ற பெண்ணை அனுப்பி மைதானத்து ஓரமாகவே நடக்கச் சொன்னாள். மூன்றாவது நட்சத்திரம் ஒரு சுற்று முடிக்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், அதனால் மெதுவாக நட என்றாள். வெயிலில் பாதிச் சுற்று நடந்த அம்பிகா அங்கிருந்தே கேட்டாள்.

“டீச்சர், அவங்க ரெண்டு பேருக்கும் நான் ஒருத்தி இருக்கறதே தெரியலையே. நான் எதுக்குச் சுத்தறேன்?”

பிள்ளைகள் சிரித்தார்கள். கலைமதிக்கு மட்டும் என்னவோபோல் ஆகிவிட்டது. தெரியாவிட்டாலும் அவர்கள் இழுப்பு உன்னை விடாது என்று சமாளித்தாள். பிறகு இன்னொரு பிள்ளை, மூன்று இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டது. தூரத்தில் இருப்பதைத்தான் முதலில் பார்த்தார்கள் என்றாள். தனியாக நிற்பதால் தொலைநோக்கியில் அது சுலபமாகச் சிக்கிவிட்டது. ஒட்டிக்கொண்டிருப்பதை ரொம்ப காலம் யாராலும் பார்க்க முடியவில்லை. பெரியதன் வெளிச்சத்திலேயே அது மறைந்து கிடந்தது. பெரியது லேசாகத் தள்ளாடுகிறதே, ஏன் தள்ளாடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பக்கத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு வீட்டுக் கூடத்தில் மாதவராஜ் வளைந்து வளைந்து நடப்பது கண்முன் வந்தது. இத்தனை நாளும் சுகுணா போய்ச் சேர்ந்துவிட்டாள், எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள், தான்தான் பக்கத்தில் இருக்கிறோம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு தலைகீழாக இருந்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிறவள் தூரத்தில் இருந்தாள். கண்ணுக்குத் தெரியாதவள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் பெரியம்மாள் சொந்தக்காரர்களோடு ஒகேனக்கல்லுக்குப் புறப்பட்டாள். பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் கலைமதி சேலைப் பேச்சை எடுத்தாள். கிழவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தவளைப்போல் பதில் சொன்னாள்.

“அன்னிக்கே கட்டியிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணாயிருப்பீங்க, கண்ணு. நீ பீரோவுல வெச்சுட்ட. எறங்க எடமில்லாம அவ இந்த வூட்டயே சுத்திக்கிட்டிருக்கறா.”

“இப்ப கட்டிக்கிட்டா போயிருவாங்களா, அத்த?”

“போவ மாட்டா. ஆனா சுத்த மாட்டா.”

பதினெட்டன்று பள்ளிக்கு லீவு. மண்டிக்கு ஏது லீவு, மாதவராஜ் போய்விட்டான். காலையில் கொஞ்சம் விடைத்தாள் திருத்தினாள். மனம் ஓடவில்லை. பேனாவைக்கூட மூடாமல் எழுந்துவிட்டாள். வெயில் இறங்கியதும் குளித்து, சேலையை எடுத்து சுகுணாவின் படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டினாள். என்னத்தை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நீயும் இரு, நானும் இருக்கிறேன் என்று மட்டும் மனதுக்குள் சொன்னாள். சேலையை உடுத்தியபோது தோளில் ஊக்குக் குத்தத் தேடவில்லை. பள்ளிக்குக் கட்டும்போது அது இல்லாமல் அவளுக்கு ஆகாது. கை தானாக முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. அவள் ஒருநாளும் அப்படிச் செருகியதில்லை.

பைக் சத்தம் கேட்டபோது அடுப்படியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நிலையோரமாக வந்து நின்றாள். மாதவராஜ் உள்ளே நுழைந்தான். ஃபேனுக்குக் கீழே வந்தான். வளையவில்லை. அந்த இடத்தில் எந்தக் காலத்திலும் ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல் அதன்மேல் மிதித்து, நேராக நடந்து, அவளிடம் வந்து நின்றான்.

“சாப்ட்டியா?” என்றான்.

அவள் டீயை வடிகட்டி நீட்டினாள். அவன் டீயை வாங்கி அங்கேயே அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, மண்டியில் யாரோ தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டு எழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தான். இவனுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. பேச்சுவாக்கில் அவள் முந்தானை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவுதானா, ஒரு சேலைக்காகவா ஒரு வருஷத்தைப் பாழாக்கினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொசு வருகிறது, ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று அவன் டம்ளரை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். அவன் போகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜன்னலை நெருங்கியதும் அவன் வளைந்தான்.

அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்காலி அது. மேஜையில் பாதி திருத்திய விடைத்தாள், பக்கத்தில் மூடாத சிவப்புப் பேனா. அந்த நாற்காலியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒதுங்கிப் போனான். உட்கார்ந்திருப்பவர் தோளில் இடித்துவிடக் கூடாதே என்கிற பதவிசோடு கையை உயர்த்தி நீட்டிக் கதவுகளை இழுத்துச் சாத்தினான். வந்த வளைவிலேயே திரும்பி, சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றான். மூடிய ஜன்னலால் கூடம் மங்கிவிட்டது. சற்றுமுன் அடுப்படியில் சிரித்த குரல் அடங்கி, பழைய தணிந்த குரலில் நாற்காலியைப் பார்த்துக் கேட்டான்.

“லைட்டப் போடட்டுங்களா?”

போடுங்க என்று சொல்ல வாயெடுத்த கலைமதி, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சுவிட்சில் விரலை வைத்தபடி, அவசரப்படாமல், மரியாதையாக நின்றுகொண்டிருந்தான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியிலிருந்து பதில் வரட்டும் என்று அவளும் காத்திருந்தாள்.