ஊதாக் காது, கறுப்புக் காது

கும்பகோணத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அப்துல் அஜீஸ் கடையில், மங்களாம்பிகை ஒரு ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு அவள் முகத்தில் இருந்தது.

"பயப்படாம முறுக்குங்கம்மா. உடைஞ்சா என் பொறுப்பு" என்றார் அஜீஸ்.

"ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்க பாய். வயரைப் புடிச்சுத்தான் தூக்கும். போன தடவ வெல கம்மின்னு வாங்கினது ஒரு மாசம்கூட வரல."

"அப்ப பளபளன்னு இருக்கிறதப் பாக்காதீங்க. இதுல வயரு மேல துணி சுத்தியிருக்கு, பட்டையும் வளையும். சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாது, சின்னக் காதுக்கு அதான் நல்லது. காது மெத்தை தனியாக் கழண்டு வரும். அலசிக் காய வச்சு மாட்டிக்கலாம். வருசக்கணக்குல உழைக்கும்."

விலையும் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. அவளுக்குத் திருப்தி. ஆனால் அடுத்ததைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கியது.

"பாதிக்கு மட்டும் மெத்தை வேற கலர்ல போட்டுக் குடுங்க பாய்."

"எதுக்கும்மா ரெண்டு கலரு?"

"அடையாளத்துக்கு."

என்ன அடையாளம் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஊர்ப்பக்கத்தில் வியாபாரம் செய்கிறவருக்கு அதெல்லாம் விளக்கிச் சொல்லவா வேண்டும்? பாதியில் கறுப்பு மெத்தைகளைக் கழற்றிவிட்டு ஊதாவை மாட்ட ஆரம்பித்தார்.

மங்களாம்பிகை அவர்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. அந்தப் பதவியை அவள் கேட்டு வாங்கவில்லை. மகள் தர்ஷினி அங்கே படிக்கிறாளே என்று தலையில் கட்டிவிட்டார்கள். புருஷன் சிங்கப்பூரில். மாடு, வயல், பள்ளிக்கூடம் என்று ஒற்றை ஆளாக அல்லாடி, எந்தப் பேச்சுக்கும் "சரி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அப்படி ஒரு "சரி"யில் வந்த வினைதான் இந்த ஊதா. டேப்லெட்டில் பாடம் கேட்க ஹெட்போன் வாங்குவதைப் பற்றிப் பேச மார்கழியில் கூட்டம் போட்டார்கள். மேலத்தெரு பஞ்சநதம் வந்து உட்கார்ந்தார். அவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஆனாலும் அவருக்கு நாற்காலி போடாத கூட்டம் அந்த ஊரில் நடந்ததில்லை. அவர் அப்பா காலத்தில் கூலித் தகராறில் கூலியாட்கள் வயலுக்கு நடுவே கொடி நட்டு, போலீஸ் வந்து நின்ற ஊர் அது. இவரோ கரைவேட்டி கட்டிக்கொண்டு, மேடைதோறும் சமத்துவம் பேசினார். பேச்சென்னவோ காது குளிரத்தான் இருக்கும்.

"ஒருத்தர் காதுல மாட்டினத இன்னொருத்தர் மாட்டினா பேனு தொத்தும் மங்களம். நம்ம தெருப் பிள்ளைங்களுக்கு ஒரு கலரு, காலனிப் பிள்ளைங்களுக்கு ஒரு கலருன்னு வாங்கிடு. யாருக்கும் வம்பில்ல பாரு" என்றார்.

பேன் என்ன தெருப் பார்த்தா ஏறுகிறது? தலைமையாசிரியர் மேசையைப் பார்த்தார். காலனியிலிருந்து குழுவில் இருந்த ராஜாத்தி, மங்களாம்பிகையைப் பார்த்தாள். மங்களாம்பிகையின் வயலில் வருஷா வருஷம் நாற்று நடுகிறவள் ராஜாத்தி.

மறுத்துச் சொல்ல மங்களாம்பிகைக்கு வாய் வரை வந்தது. அதற்குள் பஞ்சநதம், "தை பொறந்தா அறுப்பு. மிஷினு எங்க வயல் வழியாத்தானே ஒன் வயல்ல எறங்கணும்? தாராளமா ஓட்டிக்க, நம்ம பொண்ணுதானே நீ" என்று சிரித்தார். சுற்றிலும் அவர் வயல். நடுவில் அவளுடைய துண்டு நிலம். அவர் வழி விடாவிட்டால் அறுவடை மிஷின் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டும்.

"சரி மாமா" என்றாள். கலர்தானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஹெட்போன்கள் என்னவோ அருமையாக உழைத்தன. பிள்ளைகள் கீழே போட்டார்கள், மிதித்தார்கள், வயரைப் பிடித்துச் சுழற்றினார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல பொருளாகப் பார்த்து வாங்கினோம் என்று அவளுக்குப் பெருமைகூட.

பொங்கலுக்குத் துணி எடுக்கத் தர்ஷினியைக் குடவாசலுக்குக் கூட்டிப் போனாள். ஊதாவில் ஒரு பாவாடை, சட்டை. பிள்ளைக்கு அத்தனை பொருத்தம். கடைக்காரப் பெண் எடுத்து மேலே வைத்துக் காட்டியதும் தர்ஷினி வெடுக்கென்று தள்ளிவிட்டாள்.

"எனக்கு வேணாம். அது காலனிக் கலரு."

"யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. எங்களுக்கே தெரியும். ஊதா போட்டவங்க பக்கத்துல நாங்க ஒக்கார மாட்டோம்."

ஏழு வயசுப் பிள்ளை அதைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னது. மங்களாம்பிகைக்கு அவமானமாக இருந்தது. ஒன்றும் எடுக்காமல் மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், மணி அடிக்கும் முன்பே போய், தலைமையாசிரியர் முன்னாலேயே ஹெட்போன் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். ராஜாத்தியையும் வரச் சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்க மெத்தையைக் கழற்றி மாற்றினாள். இந்தக் காதில் கறுப்பு, அந்தக் காதில் ஊதா. எல்லாமே அப்படி.

ராஜாத்தி நின்றபடியே சொன்னாள்.

"எம் புள்ள லீவுக்கு முன்னாடி பத்து நாளா ஹெட்போனே மாட்டலக்கா. காது வலிக்குதுன்னு டீச்சர்ட்ட பொய் சொல்லியிருக்கு. நீங்க அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும் ராஜாத்தி. தெரிஞ்சேதான் தலைய ஆட்டினேன். தப்பு என்னோடதுதான்."

ராஜாத்தி கீழே உட்கார்ந்து ஒரு மெத்தையைக் கழற்றினாள்.

சேதி எப்படிப் போயிற்றோ, பஞ்சநதத்தின் பைக் வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்து பார்த்தவர் சத்தம் போடவில்லை.

"ஊர்ல பேசி முடிச்சத நீயா மாத்துறே. அறுப்புக்கு மிஷினு எந்த வழியா வரும்னு யோசிச்சுக்க மங்களம்."

மங்களாம்பிகை எழுந்து நின்றாள். முற்றிச் சாய்ந்து நிற்கிற கதிர் கண் முன்னால் வராமல் இல்லை.

"யோசிச்சுட்டேன் மாமா. கடையில முறுக்கி முறுக்கிப் பாத்து வாங்கினேன், பிள்ளைங்ககிட்ட எத்தன வருசம் தாங்கும்னு. அதோட சேத்து எத மாட்டி விடுறோம்னு மட்டும் பாக்கல. பொறக்கும்போது எந்தப் பிள்ளையும் இதக் கொண்டுக்கிட்டு வரல. பெரியவங்க நாமதான் கடைக்குப் போயி வாங்கியாந்து காதுல மாட்டுறோம். மாட்டினது நாம, கழட்ட வேண்டியதும் நாமதான்."

பஞ்சநதம் தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் இந்த முறை மேசையைப் பார்க்காமல் பஞ்சநதத்தையே நேராகப் பார்த்தார். பைக் கிளம்பிப் போயிற்று.

"வயலு முத்திப் போச்சேக்கா" என்றாள் ராஜாத்தி.

"ஆமா. கையால அறுக்க ஆளு கெடைக்குமா?"

"கேட்டுப் பாக்குறேன். வருவாங்கன்னு சொல்ல மாட்டேன். நானும் அன்னிக்கு நடந்தத மறக்கல."

"மறக்க வேணாம்" என்றாள் மங்களாம்பிகை. அசதியாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குத்தான் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். தர்ஷினி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ராஜாத்தியின் மகளும் பக்கத்தில் நின்று இன்னொன்றைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது எந்தத் தெருக் கலரு?"

"எந்தத் தெருவும் இல்ல. மாட்டிக்கிட்டு அவ பக்கத்துல ஒக்காரு, பாடம் ஓடப்போவுது."