நாளைத் தேதி

கிருபா வேலை பார்த்த பன் கம்பெனியில் இன்று என்று ஒரு நாளே கிடையாது. இன்று சுட்ட பன்னுக்கு நாளைய தேதிதான் போடுவார்கள். புதன்கிழமை அடுப்பிலிருந்து இறங்கி, கிரீம் வைத்து, கவருக்குள் போன பன், வியாழக்கிழமை பிறந்ததாகத்தான் ஊருக்குள் போகும்.

யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த அயோக்கியத்தனம் என்றால்கூட மனசு ஆறிவிடும். அப்படி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை சரியான தேதியைத்தான் போட்டார்கள். விடியக்காலையில் வேன் போய்ப் பேக்கரிகளில் சரக்கை இறக்கும். டீ குடிக்க வருகிறவர் கவரைத் திருப்பிப் பார்த்து, "ஏனுங்க, இது நேத்து பன்னுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கம்பெனி பன்னை எடுப்பார். பேக்கரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சூப்பர்வைசர் நரசிம்மலு இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், "காலைல கடைக்குப் போற சரக்குக்குக் காலைத் தேதி போட்டா என்ன கெட்டுப்போச்சு? ஒரு நாள் முன்னாடி தள்ளிப் போடு அம்மணி" என்றார். தேதி அடிக்கும் மிஷினில் நின்றவள் கிருபா. தள்ளிப் போட்டாள். அவ்வளவுதான் சங்கதி.

ஆர்.எஸ்.புரம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மதன்குமாருக்கு இது தெரியாது. யாரும் மறைக்கவில்லை. அவர் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை.

கூட வேலை செய்கிற பெண்கள் கிருபாவை 'நாளைக்காரி' என்று கிண்டல் செய்வார்கள். செய்யமாட்டார்களா பின்னே? பழக்கதோஷத்தில் வீட்டுக் காலண்டரையும் ஒரு நாள் முன்னாடியே கிழித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை புருஷன் ஜெரோமுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து சர்ச்சுக்கு அனுப்பிவைத்தவள் அவள். பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு வந்து அந்த மனுஷன் ஒரு வாரம் சிரித்தான்.

சரவணம்பட்டிக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒட்டின வீடு தாஜுன்னிசாவுடையது. புருஷன் ரைஹான் ஆட்டோ ஓட்டினான். தாஜுன்னிசா வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது. வாசலில் படுக்கும் பூனையைத் துரத்தும்போதுகூட, "போங்க, அக்கட்டால போங்க" என்பாள். பூனையும் அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு எழுந்து போகும். அவள் மகள் நஸ்ரியாவுக்கு ஆறு வயது. கிருபாவை அவள் 'பன்னு பெரிம்மா' என்றுதான் கூப்பிடுவாள். சப்பிப்போன பன்னை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கிரீம் பன்னை எடுக்கக் கூடாது. அதனால் நஸ்ரியாவுக்குக் கிரீம் பன் என்றால் உயிர். கிடைக்காததில்தானே ஆசை.

நவம்பர் பன்னிரண்டு, புதன்கிழமை. கம்பெனியில் குளிர் அறை மத்தியானம் நின்றுபோனது. மெக்கானிக் வந்து சரிசெய்யச் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே ஐந்து வாளிக் கிரீம் இருந்தது. நரசிம்மலு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்றார். கிருமிக்கு ருசி ஏது, வாசம் ஏது? பன்னில் வைத்து அனுப்பிவிட்டார்கள். மாதாமாதம் சாம்பிள் எடுக்க வருகிற லேப் ஆள் அன்றைக்குத்தான் வந்திருந்தார். சின்ன டப்பாவில் கிரீமை எடுத்து, அதன் மேல் அன்றைய தேதியை எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியது பன்னிரண்டு. கிருபா கவரில் அடித்தது பதிமூன்று.

வெள்ளிக்கிழமை பகலில் லேபிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்குப் போன் வந்தது. பன்னிரண்டாம் தேதிக் கிரீமில் நோய்க்கிருமி இருக்கிறது என்றார்கள். மதன்குமார் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நஷ்டத்தைப் பார்க்காமல் உடனே எல்லா ஏஜென்டுக்கும் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார். "பாக்கெட்டில் 12ஆம் தேதி போட்ட கிரீம் பன்னை யாரும் விற்கவோ சாப்பிடவோ வேண்டாம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கவும்." பேக்கரி க்ரூப், அபார்ட்மென்ட் க்ரூப், பள்ளிக்கூடப் பெற்றோர் க்ரூப் என்று அரை மணி நேரத்தில் அது ஊரெல்லாம் சுற்றியது.

மூன்றரை மணிக்கு முதல் வேன் திரும்பி வந்து கிரேட்டுகளை இறக்கியது. கிருபா ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு. அவள் கையால் அடித்த பன்னிரண்டு. செவ்வாய்க்கிழமை சுட்ட நல்ல பன்.

நல்ல பன் எல்லாம் திரும்பி வருகிறது. கெட்ட பன் பதிமூன்று என்று நெற்றியில் எழுதிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறது.

ஓடிப்போய் நரசிம்மலுவிடம் சொன்னாள். அந்த மனுஷனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சத்தம் போடாத அம்மணி. நாளைத் தேதி போடறோம்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா நாம ரெண்டு பேருமே உள்ள போயிருவோம். கேஸ் ஆகிப்போகும்."

"அப்ப அந்த பதிமூணுங்கண்ணா?"

"நான் டிரைவருங்களுக்குத் தனியாப் போன் போட்டுச் சொல்லிப்போடறேன். சத்தமில்லாம எடுத்துட்டு வந்துருவாங்க. நீ போய் மிஷின்ல நில்லு."

போன் போட்டாரா என்றால், போட்டார். நான்கு வேனில் இரண்டு டிரைவர் போனை எடுத்தார்கள். ஆனால் கடையை விட்டுப் போய்விட்ட பன்னை எந்த டிரைவர் எடுப்பது? வீட்டுக்குள் போன பன்னுக்கு யார் போன் போடுவது? இதையெல்லாம் கிருபா யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் மிஷினில் போய் நின்றாள். பயம் அவளை அப்படி நிறுத்தியது.

நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் போன் அடித்தது. தாஜுன்னிசா.

"ஏனுங்க்கா, வேலையா இருக்கீங்களா? உங்க கம்பெனி கிரீம் பன்னு சாப்பிட வேண்டாம்னு ஸ்கூல் க்ரூப்புல வந்துச்சுங்க. நேத்து நஸ்ரியா அத்தா ஒண்ணு வாங்கியாந்தாருங்க, பிரிட்ஜுல வெச்சிருக்கேன். இன்னிக்கு ஸ்கூல்ல குழந்தைகள் தினத்துக்கு டான்ஸ் ஆடிட்டு வந்திருக்கா, பன்னு வேணும்னு ஒரே அடம். கவர்ல பதிமூணுன்னு போட்டிருக்குதுங்க. குடுக்கலாங்களாக்கா?"

நரசிம்மலு எதிரில் நின்றார். போனில் யார் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கிருபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"பன்னெண்டுன்னுதான் சொல்லியிருக்காங்க, தாஜு" என்றாள் கிருபா.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. படுபாவி வாய்.

"சரிங்க்கா. உங்களைக் கேட்டா நிம்மதிங்க" என்று வைத்துவிட்டாள் அவள்.

கிருபா நான்கு கவருக்குத் தேதி அடித்தாள். ஐந்தாவது கவரில் அவள் கை நின்றுவிட்டது. அடுத்த நிமிஷம் தலையில் மாட்டியிருந்த தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். தாஜுன்னிசாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, கட்டாகிவிட்டது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் கட். ஜெரோமுக்குப் போட்டாள், பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் அவன் எடுக்கவில்லை. ரைஹான் நம்பர் அவளிடம் இல்லை. முதலாளி நம்பரும் இல்லை.

கையில் ஒரு காலிக் கவர் இருந்தது. 'புகாருக்கு' என்று ஒரு நம்பர் அதில் அச்சடித்திருந்தது. மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிற நம்பர். அதற்குப் போட்டாள். ஆர்.எஸ்.புரம் ஆபீசில் ஹர்ஷிணி என்ற பெண் எடுத்தாள்.

"வணக்கம் மேடம், எந்தக் கடைல வாங்கினீங்க? பாக்கெட்ல இருக்கிற தேதியச் சொல்லுங்க."

"நான் வாங்குனவ இல்லீங்க, தேதி போடறவ. மொதலாளிகிட்ட குடுங்க கண்ணு, சீக்கிரம் குடுங்க."

மதன்குமாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாளைத் தேதி, செவ்வாய்க்கிழமை பன், புதன்கிழமைக் கிரீம், எல்லாவற்றையும். அவர், "எத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தார். ஐந்து மணிக்குள் இரண்டாவது செய்தி போனது: "13ஆம் தேதியும் சாப்பிட வேண்டாம்." ஏன் என்று அதில் இல்லை.

கிருபா ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். தாஜுன்னிசா வீட்டுக் கதவு திறந்திருந்தது. டான்ஸுக்குப் போட்ட பச்சைப் பாவாடையோடு நஸ்ரியா தரையில் உட்கார்ந்து, அம்மாவின் போனில் தன் டான்ஸைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் உதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"பன்னு பெரிம்மா, நீங்க போன் பண்ணிப் பண்ணி வீடியோவ நிறுத்திட்டீங்க" என்றாள். "நாந்தான் கட் பண்ணிப்போட்டேன்."

கிருபா அவளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த தாஜுன்னிசாவிடம், "ஆஸ்பத்திரிக்கு வா தாஜு, அந்த பன்னும் கெட்டதுதானாம், இப்பத்தான் சொல்றாங்க" என்றாள். இப்பத்தான் என்று சொன்னாள். அதுவும் அவள் வாயில் தானாகத்தான் வந்தது.

டாக்டர் பார்த்தார். பிள்ளை நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது, வாந்தி பேதி வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்று அனுப்பினார். விடிவதற்குள் வந்தது. சனிக்கிழமை முழுக்கக் கிளுக்கோஸ் ஏறியது. காய்ச்சல் இறங்கவில்லை. அதே வார்டில் பதிமூன்றாம் தேதி பன்னைச் சாப்பிட்டவர்கள் இன்னும் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நஸ்ரியா போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் உடம்பில் என்னதான் தண்ணீர் இருக்கும்?

அதிகாரிகள் வந்து கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். மதன்குமாரையும் நரசிம்மலுவையும் விசாரித்தார்கள். கிருபாவையும் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். தைரியமாக முன்வந்து சொன்னதால் எத்தனையோ பேர் தப்பித்தார்கள் என்று ஒரு அதிகாரி அவளைப் பாராட்டினார். பாராட்டைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சாக்கடை ஓரம் உட்கார்ந்து அவள் வாந்தி எடுத்தாள்.

நான்கு மணி பத்து நிமிஷத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது ஜெரோமுக்கு மட்டும் தெரியும்.

"அவகிட்டச் சொல்லாத" என்றான் அவன். "சொன்னா புள்ள திரும்பி வருமா? அவ இன்னொருக்கா சாவா, அவ்வளவுதான்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாம் நாள் ஓதி முடித்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு கிருபா பக்கத்து வீட்டுக்குப் போனாள். தாஜுன்னிசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிருபாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். கிருபா உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு தங்கச்சி சொல்றாங்க்கா, பன்னுக் கம்பெனிக்காரிய நம்பிக் குடுத்தயேன்னு. எனக்கு ஆத்தரம் வந்துருச்சுங்க. அக்கா என்ன பண்ணுவாங்க, மெசேஜுல பன்னெண்டுன்னு இருந்துச்சு, அதத்தான சொன்னாங்கன்னேன். தெரிஞ்சிருந்தா எங்கக்கா சொல்லாம இருப்பாங்களான்னு கேட்டேனுங்க." கிருபாவின் புறங்கையைத் தடவிக்கொடுத்தாள். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. நீங்களும் மூணு நாளா சோறு திங்கலையாமே. ஜெரோம் அண்ணன் சொன்னாருங்க."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் இவளுக்கு ஆறுதல் சொல்கிறாள். கிருபாவால் தாங்க முடியவில்லை. அந்தக் கை தடவத் தடவ நெருப்பாகச் சுட்டது. இன்னும் ஒரு நாள் இப்படித் தடவினால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தாள்.

"எனக்குத் தெரியும், தாஜு."

தடவிய கை நின்றது.

"என்னதுங்க?"

"பதிமூணுதான் கெட்டதுன்னு எனக்குத் தெரியும்."

தாஜுன்னிசா அவள் முகத்தையே பார்த்தாள். வெளியே ரைஹானின் ஆட்டோவை யாரோ ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள்.

"எப்பத் தெரியுங்க? நான் போன் பண்றதுக்கு முன்னாடிங்களா, பின்னாடிங்களா?"

பின்னாடி என்று ஒரு வார்த்தை இருந்தது. மூன்று வருஷமாக நாளையே தள்ளிப் போட்ட கைக்கு அரை மணி நேரத்தைத் தள்ளிப் போடுவது பெரிய காரியமில்லை. தாஜுன்னிசாவின் கண்ணுங்கூட அந்த வார்த்தைக்காகத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"முன்னாடி" என்றாள் கிருபா.

தாஜுன்னிசா தன் மடியிலிருந்த அவள் கையை எடுத்தாள். உதறவில்லை. மெதுவாகத் தூக்கி, கிருபாவின் மடியிலேயே வைத்தாள். பிறகு துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"போ" என்றாள்.