மாடிக்கு எட்டாத வைஃபை

விசாரணை பதினொரு மணிக்கு. சின்னவள் அரை மணி நேரம் முன்னதாகவே மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணவன் அவள் கையை முறுக்கி உடைத்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள் அவள். அவன் இனித் தன் பக்கமே வரக்கூடாது என்று கேட்டுப் போட்ட வழக்கு இன்று வீடியோவில் நடக்கவிருந்தது. தனி அறை, சாத்திய கதவு, கூட யாரும் இருக்கக்கூடாது என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் இணைய இணைப்பு வரவில்லை.

சுவரில் செருகியிருந்த எக்ஸ்டெண்டரைப் பார்த்தாள். கீழே ஹாலில் உள்ள ரூட்டரிடமிருந்து வைஃபையை வாங்கி மாடிக்குத் தள்ளிவிடும் சின்ன வெள்ளைப் பெட்டி. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக இருந்தது. பிடுங்கிச் செருகினாள். கொஞ்ச நேரம் கண்ணடித்துவிட்டு மறுபடியும் சிவந்தது. தூரம்தான் காரணமோ என்று, மாடிப்படித் திருப்பத்தில் இருந்த பிளக்கில் செருகிப் பார்த்தாள். அங்கிருந்து ரூட்டர் கண்ணுக்கே தெரிந்தது. அதன் விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன. எக்ஸ்டெண்டர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

போன் சிக்னலோ, அந்த வீட்டில் ஜன்னலோரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஹாலிலேயே உட்காரலாம் என்றால், சமையலறையில் இரண்டு பேர் பழைய டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கித் தன் போனை ரூட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள். ‘பாஸ்வேர்டு தவறு’ என்றது திரை. நேற்றுச் சாயங்காலம்வரை தானாகச் சேர்ந்துகொண்ட போன் அது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். அண்ணன் வெளியூரில். வீட்டில் இருப்பது அண்ணி மட்டும்தான்.

அண்ணன் ‘போலீஸ்காரி’ என்று கூப்பிடும் அந்த அண்ணி, டைல்ஸ் ஆட்களை மேய்த்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

“அண்ணி, வைஃபை பாஸ்வேர்டை மாத்தினீங்களா?”

அண்ணி உடனே திரும்பிப் பார்க்கவில்லை. “ஆமா. சொல்லணும்னு இருந்தேன்.”

“இன்னிக்கு எனக்கு என்ன நாள்னு தெரியும்ல? நான் இங்க இருக்கறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. இப்படியா கழுத்தறுப்பீங்க?”

சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

“கத்தாதே. நேத்து இருட்டினதும் உன் புருஷன் வந்திருந்தான்.”

சின்னவள் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். “எங்க?”

“எதிர்வீட்டு வாசல்ல, காருக்குள்ள. மாப்பிள்ளைன்னு நாமதானே அவனுக்குப் பாஸ்வேர்டு குடுத்தோம்? பக்கத்துல வந்ததும் அவன் போன் அது பாட்டுக்கு நம்ம வைஃபைல ஒட்டிக்கிச்சு. வைஃபைல யார் சேர்ந்தாலும் காட்டற ஆப்பு ஒண்ணு உங்கண்ணன் என் போன்ல போட்டுக் குடுத்திருக்காருல்ல, அதுல அவன் பேரு காட்டுச்சு. ஜன்னல் வழியா பார்த்தா, மாடியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். எனக்குக் கை கால் ஓடல. ஒரு போட்டோ எடுத்தேன், கதவைப் பூட்டினேன், பாஸ்வேர்டை மாத்தினேன்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“விசாரணைக்கு முன்னாடி உன் காதுல போட்டா, நீ அங்க வாயே திறக்க மாட்டே. இந்தப் பெட்டிக்கும் புதுசு குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, சின்னு.”

பழைய பாஸ்வேர்டையே சொல்லிச் சொல்லி அந்தப் பெட்டி வாசலில் நின்றிருக்கிறது. இருவரும் மாடிக்கு ஓடினார்கள். அண்ணி புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, எக்ஸ்டெண்டரின் பக்கவாட்டுத் துளையில் விட்டு அழுத்தினாள். விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. போனில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வீட்டு ரூட்டரைத் தேர்ந்தெடுத்து, அண்ணி சொல்லச் சொல்லச் சின்னவள் தட்டினாள்.

விளக்கு கண்ணடித்தது. பிறகு சிவந்தது.

“அய்யோ, முதல் எழுத்து பெரிய எழுத்து! சொல்லாம விட்டுட்டேன்!”

மறுபடி தட்டினாள். பெட்டி யோசித்தது. விளக்கு பச்சையானது. மடிக்கணினியிலும் அதே பாஸ்வேர்டைத் தட்டியதும் இணைப்பு வந்தது. அண்ணி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரையில் நீதிபதி வந்தார். இன்னொரு கட்டத்தில் அவன், புதுச் சட்டையில், சாதுவாக. பிரிந்த நாளிலிருந்து தன் கட்சிக்காரர் அந்தத் தெருவையே மிதித்ததில்லை என்றார் அவனுடைய வக்கீல். அவன் தலையாட்டினான்.

சின்னவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பொய்ங்க. நேத்து வந்தார்.”

“நீங்க பார்த்தீங்களா?” என்றார் நீதிபதி.

“எங்க அண்ணி பார்த்தாங்க. போட்டோ இருக்கு. கதவுக்கு வெளியில நிக்கறாங்க.”

நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, கூப்பிடச் சொன்னார். ஊரையே மிரட்டும் அண்ணி, கேமரா முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கைகட்டி நின்றாள். ஆனால் குரல் பிசிறவில்லை. போனைத் திரைக்கு நேரே பிடித்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் காரும் அதன் எண்ணும் உள்ளே அவன் முகமும் தெளிவாகத் தெரிந்தன.

“இது நீங்கதானே?” என்றார் நீதிபதி.

“சும்மா அந்த வழியா போனேன்...” என்றான் அவன். அவனுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த விசாரணைவரை அவன் அந்தத் தெருவுக்கோ, அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கோ வரக்கூடாது, மீறினால் கைது. உத்தரவைக் கேட்டு மடிக்கணினியை மூடியதும் சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“காலைல நான் உங்கள அப்படிப் பேசியிருக்கக்கூடாது, அண்ணி.”

“அதுவும் டைல்ஸ்காரங்க முன்னாடி! என்னைப் பெரிய கொடுமைக்காரின்னு நினைச்சிருப்பாங்க. இனிமே நான் சொன்னா எவன் வேலை செய்வான்?”

சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் பயம் முழுக்கப் போய்விடவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியபோது, தெருவில் நின்ற ஒவ்வொரு காருக்குள்ளும் குனிந்து பார்த்தாள். அவள் கூப்பிடாமலேயே அண்ணி பஸ் நிறுத்தம்வரை கூட வந்தாள், புதுச் செருப்பு கடிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு.